ஒன்று புள்ளி ஐந்து பூஜ்யம்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும் என்பார்கள். என் வீட்டுக்காரர் அதையும் திருத்தி, "நுனியிலயா? மூக்கே அதாலதான செஞ்சிருக்கு" என்பார். அவர் மலைக்குள் சுரங்கப்பாதை தோண்டுகிறவர். துளை போடும் இயந்திரத்தின் இரைச்சலில் நாளெல்லாம் கத்திக் கத்திப் பேசுகிற மனிதர், என்னிடம் மட்டும் மெதுவாகப் பேசுவார். அதுவே எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பும். சண்டை போடுகிறவளுக்கு எதிர்ச்சண்டை போடாமல் இருப்பதைப் போல ஒரு கொடுமை உண்டா?

நான் கண்ணாடிக் கடையில் சீட்டு எழுதுகிறவள். ஜன்னலுக்கும் கதவுக்கும் அளவெடுத்து வருகிறவர்கள் நீளம் இவ்வளவு, அகலம் இவ்வளவு என்று மீட்டரில் சொல்வார்கள். இரண்டையும் பெருக்கி, கிடங்கிலிருந்து எத்தனை சதுர மீட்டர் கண்ணாடி எடுக்க வேண்டும் என்று நான் எழுதிக் கொடுப்பேன். கால்குலேட்டர் கூடாது. கண்ணாடி வெட்டுகிறவர் கை வைப்பதற்கு முன் கணக்கின் ஒவ்வொரு வரியையும் தன் கண்ணால் பார்த்தாக வேண்டும் என்பது முதலாளியின் கட்டளை. ஆக, பதினோரு வருடமாகப் புள்ளி வைத்த எண்களைக் கையால் பெருக்கியே என் பொழுது போயிருக்கிறது.

அதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. புள்ளி என்று ஒன்று இருப்பதையே முதலில் மறந்துவிட வேண்டும். நீளம் 1.2, அகலம் 0.35 என்றால் 12ஐ 35ஆல் பெருக்கு. 420. பிறகு, புள்ளிக்குப் பின்னால் முதல் எண்ணில் ஓர் இலக்கம், இரண்டாவதில் இரண்டு, ஆக மூன்று என்று எண்ணிக்கொள். விடையின் வலது ஓரத்திலிருந்து மூன்று இலக்கம் தள்ளிப் புள்ளியை வை. 0.420. அவ்வளவுதான். பயப்படுகிறவர்கள் எல்லாரும் புள்ளியைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள்.

எங்கள் கடையில் இதற்கு மேல் ஒரு வழக்கம் உண்டு. சீட்டில் புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம்தான் எழுதுவோம். மூன்றாவது இடத்தில் துளி இருந்தாலும், அதற்கும் அப்பால் துளியிலும் துளி இருந்தாலும், இரண்டாவது இலக்கத்தை ஒன்று ஏற்றிவிட வேண்டும். 0.841 வந்தால் 0.85. கீழே இறக்குவது என்ற பேச்சே கிடையாது. கண்ணாடி கூடுதலாக இருந்தால் தேய்த்துக் குறைக்கலாம், குறைந்துபோனால் ஒட்டவா முடியும் என்பார் முதலாளி. அவர் சொன்னது சரிதான். கண்ணாடிக்குச் சரிதான்.

என் மகள் இரண்டரை மாதம் முந்திக்கொண்டு பிறந்தாள். வலி வந்தது கடையில், சீட்டு எழுதிக்கொண்டிருக்கும்போது. கைப்பையில் சீட்டுப் புத்தகத்தோடு அப்படியே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டேன். பிறந்தவளை யாரும் என் கையில் தரவில்லை. ஒரு துணிச்சுருளுக்குள் எலிக்குஞ்சு அளவில் எதையோ காட்டிவிட்டு ஓடினார்கள். அதன் பிறகு அவள் பெட்டிக்குள்தான். எல்லாரும் அதைக் கண்ணாடிப் பெட்டி என்பார்கள். கண்ணாடியாவது ஒன்றாவது, தட்டிப் பார்த்தேன், பிளாஸ்டிக். யாரை ஏமாற்றினாலும் என்னை ஏமாற்ற முடியாது.

மறுநாளே அவர் மலையிலிருந்து ஓடி வந்தார். அவருக்குச் சுரங்கத் தூசியால் இருமல். இருமலோடு உள்ளே விடமாட்டோம் என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். கதவில் பதித்த சின்னச் சதுரத்தின் வழியே, ஆறு பெட்டிகளுக்கு அப்பால் இருந்த மகளை இரண்டு நாள் நின்று பார்த்தார். "எது நம்மளோடது?" என்றுகூடக் கேட்டார். மூன்றாம் நாள் வேலைக்குத் திரும்பிப் போனார். போகும்போது, "இவ்வளவு அவசரம் யாருக்கு வரும், உனக்குப் பொறந்தவளுக்குத்தான் வரும்" என்றார். அன்றிலிருந்து அவளுக்கு அவசரக்காரி என்று பெயர்.

நான் ஆஸ்பத்திரியிலேயே தாய்மார் அறையில் தங்கிவிட்டேன். ஆறு கட்டில். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை பாலைப் பிழிந்து புட்டியில் எடுத்துக்கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அதை ஒரு மெல்லிய குழாய் வழியாக அவளுக்கு இறக்குவார்கள். காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம், முழங்கை வரை கழுவிய கையைப் பெட்டியின் பக்கத்துத் துளை வழியாக விட்டு அவளைத் தொடலாம். தொடுவதென்றால் தடவக் கூடாது. அவள் பாதத்தின் மேல் விரலை அசையாமல் வைத்திருக்க வேண்டும். பத்து நிமிடம் முடிந்ததும் விரலை எடுத்துவிட வேண்டும். விரலை எடுத்துக்கொண்டு வெளியே வரும் அந்த நிமிடத்துக்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது. என் நெஞ்சுக்கூடு காலிப் பாத்திரம் மாதிரி இருக்கும். கட்டிலில் குப்புறப் படுத்துத் தலையணையை மார்போடு அழுத்திக்கொள்வேன். பக்கத்துக் கட்டில் ரொட்டிக் கடைக்காரியும் அதையேதான் செய்வாள். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்க்காத மாதிரி இருந்துகொள்வோம்.

அந்தப் பகுதிக்குத் தலைமை நர்ஸுக்கு நாங்கள் வைத்த பெயர் தராசு. கிராம் பிசகாதவள், சிரிக்காதவள். அவள்தான் சொன்னாள்.

"ஒன்றரை கிலோ வந்துட்டா பெட்டியை விட்டு வெளிய எடுத்து உங்க நெஞ்சுல போடுவோம். தினம் ஒரு மணி நேரம். அதுக்கு முன்னாடி கெஞ்சினாலும் கிடையாது, சண்டை போட்டாலும் கிடையாது."

சண்டை போட்டாலும் என்று சொல்லும்போது என்னைத்தான் பார்த்தாள்.

"எப்ப வரும் சிஸ்டர் ஒன்றரை?"

"ஒரு கிலோவுக்குப் பதினஞ்சு கிராம் கணக்குல தினம் ஏறினா நல்ல ஏத்தம். உங்க பொண்ணு இப்ப அப்படித்தான் ஏறுறா. மத்தது அவ கையில."

அன்று அவசரக்காரியின் எடை 1.18.

மாலை ஏழு மணிக்கு அவர் போன் செய்தார். ஏழு மணிக்குத்தான் சுரங்கத்தை விட்டு வெளியே வருவார். இருமல் நின்றுவிட்டது என்றார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"எனக்கு மூணு நாள் லீவு ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. அதுக்கப்புறம் எங்க கோஷ்டியை மலைக்கு அந்தப் பக்கம் அனுப்புறாங்க. அஞ்சு மாசத்துக்கு அசைய முடியாது. எப்ப வரட்டும்? பத்து நாளைக்கு முன்னாடியே தேதி சொல்லணும், எனக்குப் பதில் ஆள் போடணும். அப்புறம் மாத்த முடியாது."

"அவளைக் கையில தர்ற அன்னிக்கு வாங்க."

"அது என்னிக்கு?"

"கணக்குப் போட்டுச் சொல்றேன். கண்ணாடிக் கடைக்காரிகிட்டயா கேக்குறீங்க?"

எவ்வளவு திமிராகச் சொன்னேன் என்பது இன்றைக்கும் காதில் கேட்கிறது.

அன்று இரவே கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சீட்டுப் புத்தகத்தைத் திறந்தேன். ஒரு கிலோ மறுநாள் 1.015 கிலோ ஆகிறது. ஆகவே இன்றைய எடையை 1.015ஆல் பெருக்கினால் நாளைய எடை. நாளைய எடையைப் பெருக்கினால் நாளை மறுநாள். ஒரு நாளுக்கு ஒரு சீட்டு. செல்போனில் தட்டியிருக்கலாம்தான். ஆனால் கையால் போட்டால் ஒவ்வொரு நாளையும் என் கையாலேயே அவளுக்குக் கடத்திவிடுவது போல இருந்தது. ரொட்டிக் கடைக்காரி எட்டிப் பார்த்துவிட்டு, "என்னக்கா, பரீட்சையா?" என்றாள்.

முதல் சீட்டு: புள்ளிகளை மறந்து, 118ஐ 1015ஆல் பெருக்கினேன். ஐந்தால் 590, பத்தால் 1180, ஆயிரத்தால் 118000, மொத்தம் 119770. இலக்கம் இரண்டும் மூன்றும் ஐந்து. 1.19770. அடியில் கோடு கிழித்து 1.20 என்று எழுதினேன். யோசித்து எழுதவில்லை. பதினோரு வருடப் பழக்கம், கை தானாக எழுதியது. இரண்டாவது சீட்டை 1.20இல் தொடங்கினேன். 1.218 வந்தது. 1.22 என்று எழுதினேன். அப்படியே சீட்டு சீட்டாக ஏறிப் போனேன். பதின்மூன்றாவது சீட்டில் 1.49 என்று வந்து நின்றபோது அந்தச் சீட்டைக் கிழித்துப் போடலாமா என்றிருந்தது. பதினான்காவது 1.52.

பதினான்கு நாள். விரல் விட்டு எண்ணித் தேதியைப் போனில் சொன்னேன்.

"நிச்சயமா?" என்றார்.

"கூட்டிப் பாருங்க, கழிச்சுப் பாருங்க, அதேதான் வரும்."

"சரி, மேஸ்திரிகிட்ட எழுதிக் கொடுத்துடுறேன்." பிறகு, "என் கை ரொம்பச் சொரசொரன்னு இருக்கே, அவளுக்குக் குத்துமா?" என்றார். எண்ணெய் தடவிக்கொண்டு வாருங்கள் என்று எரிந்து விழுந்தேன்.

அதற்குப் பிறகு காலையில் எடை போடும் நேரத்துக்கு நான் வாசலில் ஆஜர். தராசு பதிவேட்டைப் பார்த்து எடையைச் சொல்லுவாள், நான் அன்றைய சீட்டோடு ஒப்பிடுவேன். முதல் நாள் 1.20, என் சீட்டும் 1.20. அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை. மூன்றாம் நாள் அவள் 1.23, சீட்டு 1.24. போகட்டும், ஒரு புள்ளிதானே, நாளைக்குப் பிடித்துவிடுவாள். எட்டாம் நாள் 1.33, சீட்டு 1.34. ஒன்பதாம் நாள் 1.35, சீட்டு 1.37. பத்தாம் நாள் தராசு 1.37 என்றாள். என் சீட்டில் 1.40 இருந்தது.

எனக்கு ஒரே ஒரு காரணம்தான் தோன்றியது. கணக்குத் தப்பாது. ஆகவே பால் குறைகிறது.

"சிஸ்டர், நான் கொண்டுவந்து கொடுக்கிற பாலை முழுசா அவளுக்குக் குடுக்கிறீங்களா இல்லையா?"

அவள் பேனாவை மூடினாள். "என்ன கேக்குறீங்க?"

"மூணு மணிக்கு ஒரு தடவை எந்திரிச்சு உயிரைப் பிழிஞ்சு கொண்டுவர்றேன். இன்னிக்கு 1.40 இருக்கணும். முப்பது கிராம் எங்க போச்சு? நீங்களா வளக்குறீங்க, நான்தான வயித்துல வளத்தேன். எனக்குத் தெரியாதா?" வாய்க்கு வந்ததையெல்லாம் கொட்டினேன். அந்தப் பத்து நாளும் விரலை எடுத்துக்கொண்டு வெளியே வந்த இருபது தடவையும் சேர்ந்து அவள் தலையில் இறங்கியது. தாழ்வாரத்தில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். "1.40 யார் சொன்னது?" என்றாள்.

சீட்டுப் புத்தகத்தை அவள் மேஜையில் போட்டேன். கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு முதல் சீட்டிலிருந்து வரி வரியாகப் படித்தாள். எங்கள் கடையில் வெட்டுகிறவர்கூட அவ்வளவு பொறுமையாகப் படித்ததில்லை.

"பெருக்கல் சுத்தமா இருக்கு. புள்ளியும் சரியான இடத்துல இருக்கு," என்றாள். "ஆனா 1.1977 வந்திருக்கு, 1.20னு எழுதியிருக்கீங்க. ஏன்?"

"அது அப்படித்தான். மூணாவது இலக்கம் இருந்தா மேல ஏத்திடணும்."

"எங்க?"

"எங்க கடையில."

"இங்க 1.218, அது 1.22. இங்க 1.2383, அது 1.24. இந்தா 1.3601, பத்தாயிரத்துல ஒண்ணுக்காக 1.37 ஆயிடுச்சு." பேனா முனையால் ஒவ்வொன்றையும் தொட்டுக் காட்டினாள். "ஒரு நாள் ஏத்தினா ஒண்ணுமில்லம்மா. நீங்க ஏத்தினதை வச்சே மறுநாள் பெருக்கி, அதையும் ஏத்தி, அதை வச்சு மறுபடியும் பெருக்கி... உங்க பொண்ணு போடாத எடையை எல்லாம் நீங்க போட்டு வச்சிருக்கீங்க. ஏத்துறதோ இறக்குறதோ, கடைசியா வர்ற விடையில ஒரு தடவை செய்யணும். நடுவுல கை வைக்கக் கூடாது."

சண்டை பிடிக்க ஓர் இடம் தேடிச் சீட்டுகளைப் புரட்டினேன், கிடைக்கவில்லை. அது என் வாழ்க்கையில் அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை.

"அவ நல்லா ஏறுறா," என்றாள் தராசு. புத்தகத்தை மூடிக் கையில் கொடுத்தாள். குரலில் கோபமே இல்லை. என்னைத் திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

கட்டிலுக்கு வந்து மறுபடியும் முதலிலிருந்து போட்டேன். இந்தத் தடவை ஓர் இலக்கத்தைக்கூட விடவில்லை. 1.1977. அதை 1.015ஆல் பெருக்க, நாலும் மூன்றும் ஏழு இலக்கம், 1.2156655. அதைப் பெருக்க, ஏழும் மூன்றும் பத்து, 1.2339004825. ஒவ்வொரு நாளும் மூன்று இலக்கம் வால் நீண்டது. ஆறாம் நாளில் சீட்டின் அகலம் போதாமல் பின்பக்கம் எழுதினேன். கண்ணுக்குத் தெரியாத அந்தக் கடைசி இலக்கமும் அவளுடையதுதானே, அதை வெட்ட நான் யார் என்று ஒரு வெறி. கடைசியில் கை வலித்து, புள்ளிக்குப் பிறகு ஆறு இலக்கம் மட்டும் வைத்துக்கொண்டு போட்டு முடித்தேன். பதினான்காம் நாள் 1.4535. பதினைந்தாம் நாள் 1.4753. பதினாறாம் நாள் 1.4974. பதினேழாம் நாள்தான் 1.5199.

அவருடைய லீவு பதினான்கு, பதினைந்து, பதினாறு. பதினாறாம் நாள் இரண்டு மணிக்கு அவருடைய பஸ். ஒரே ஒரு நாள், அதுவும் மூன்று கிராம்கூட இல்லாத ஒரு நாள். வேறு யாராவது செய்த தப்பாக இருந்தால் கத்தித் தீர்த்திருப்பேன். என்னை நானே எவ்வளவு நேரம்தான் கத்துவது? ரொட்டிக் கடைக்காரி பக்கத்தில் வந்து உட்கார்ந்து முதுகில் கை வைத்தாள். அவள் மகனை ஒரு நாள் நெஞ்சில் போட்டார்கள். மறுநாள் அவனுக்கு மூச்சு ஒரு கணம் தடுமாறியது. அன்றிலிருந்து ஒன்பது நாளாக அவளுக்கும் விரல்தான். "ஒரு மணி நேரம் வச்சிருந்தேன்கா," என்றாள். "அதை வச்சுத்தான் ஓட்டுறேன்."

அவரிடம் போனில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. ஏழு மணிக்கு அவர் குரல் கேட்கும். எண்ணெய் தடவுகிறேன், கை கொஞ்சம் மிருதுவாகியிருக்கிறது என்பார். நான் உம் கொட்டுவேன். "என்ன, கோபமே வரமாட்டேங்குது, உடம்பு சரியில்லையா?" என்றுகூடக் கேட்டார்.

பதினான்காம் நாள் காலை பையோடு வந்து நின்றார். முகச்சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, மாப்பிள்ளை மாதிரி. தாழ்வாரத்திலேயே சொல்லிவிட்டேன். சீட்டு, ஏற்றியது, மூன்று நாள் தள்ளிப்போனது எல்லாவற்றையும் ஒரே மூச்சில். அவர் கேட்டுக்கொண்டே பையைக் கீழே வைத்தார்.

"அப்ப நான் போன மறுநாள் தருவாங்களா?"

"ஆமா."

"சரி. நீயாவது வச்சுக்குவ இல்ல."

"திட்டுங்களேன். ஒரு தடவையாவது திட்டித் தொலைங்களேன்."

"திட்டினா கிராம் ஏறுமா?" என்றார். சிரிக்கத்தான் பார்த்தார். ஆனால் குனிந்து பையின் வாரை எடுத்து எடுத்துச் சரி செய்துகொண்டே இருந்தார். அதில் சரி செய்ய ஒன்றுமே இல்லை.

அன்று எடை 1.45. மறுநாள் 1.48. இரண்டு நாளும் காலையில் என்னுடைய பத்து நிமிடத்தை அவருக்குக் கொடுத்தேன். மூன்று தடவை கை கழுவினார். நகத்தைப் பார்த்துவிட்டு இன்னொரு தடவை கழுவச் சொன்னாள் தராசு. துளை வழியாக அவர் விரல் உள்ளே போனது. அவசரக்காரியின் பாதம் அந்த விரல் நுனியில் பாதிகூட இல்லை. "சூடா இருக்கா," என்று என்னைத் திரும்பிப் பார்த்தார். ஏதோ யாருக்கும் தெரியாததைக் கண்டுபிடித்தவர் போல அதையே அன்று நாலு தடவை சொன்னார்.

பதினாறாம் நாள் காலை எடை போடும்போது எங்களைத் தராசு உள்ளே வரவிட்டாள். எடைத்தட்டில் மகளைக் கிடத்தினார்கள். கையையும் காலையும் உதறினாள். எண் ஓடி ஓடி நின்றது. 1496.

நாலு கிராம் குறைவு. எனக்குத் தெரிந்ததுதான், எதிர்பார்த்ததுதான். ஏற்றிக் கேட்க இனி எனக்கு வாய் ஏது? அவர் மெல்ல, "கிளம்பட்டுமா, பஸ்ஸுக்கு முன்னாடி மேஸ்திரிக்குப் போன் பண்ணணும்" என்றார்.

தராசு பதிவேட்டைத் திறந்து எழுதினாள். அதில் புள்ளிக்குப் பிறகு இரண்டு கட்டம்தான். தினமும் எழுதுகிற மாதிரியே எழுதினாள். 1.50.

"சிஸ்டர்," என்றேன்.

"1.496. ரெண்டு இலக்கத்துல எழுதினா 1.50," என்றாள் நிமிராமல். "இன்னிக்கு மட்டும் இல்ல, எல்லாருக்கும் எல்லா நாளும் இப்படித்தான் எழுதுறேன். டாக்டர் கையெழுத்து வாங்கிட்டு வர்றேன். பன்னெண்டு மணிக்கு. ஒருத்தர்தான். நடுவுல ஆள் மாத்த முடியாது, தூக்கித் தூக்கி வச்சா குளிர் அடிச்சிடும். அம்மா, குளிச்சிட்டு வாங்க. நாளைக்கு எடை இறங்கினாலோ மூச்சு தடுமாறினாலோ நாளைக்குக் கிடையாது, அதையும் சொல்லிடுறேன்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "போ, போ, சீக்கிரம் குளி," என்று என்னைத் தள்ளினார். தனக்கு என்று ஒரு நினைப்பே அவருக்கு வரவில்லை. எப்படி ஒரு மனிதனுக்கு வராமல் இருக்கும் என்று குளிக்கும்போது எனக்குக் கோபமாக வந்தது.

குளித்தேன். முன்பக்கம் திறக்கும் பச்சை அங்கியைப் போட்டுக்கொண்டேன். கழுத்துக்குக் கீழே ஈரம் இல்லாமல் மூன்று தடவை துடைத்தேன். பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது உள்ளே சாய்வு நாற்காலியை விரித்தார்கள். முப்பத்தைந்து நாள். என் உடம்பு முழுவதும் அந்த நாற்காலியைப் பார்த்துச் சாய்ந்தது. கதவின் சதுரத்துக்கு அப்பால் அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. பெட்டியைப் பார்த்தார்.

"சிஸ்டர், அவர் வச்சுக்கலாமா?"

தராசு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்பா நெஞ்சும் சூடுதான். வச்சுக்கலாம். ஆனா நீங்க..."

"அவரைக் கூப்பிடுங்க."

சொன்ன மறு நொடியே அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளத் தோன்றியது. இல்லை இல்லை, நான்தான், நான்தான் என்று கத்த வாய் வரை வந்தது. நான் நல்லவள் என்பதால் கொடுக்கவில்லை. நான் போட்ட கணக்கு, அவருடைய லீவு, இனி ஐந்து மாதம். நாளைக்குக் கிடையாது என்று ஆனாலும் நான் இங்கேதான் இருப்பேன், விரலாவது இருக்கும். அவருக்கு அங்கே என்ன இருக்கிறது, பாறைதான் இருக்கிறது.

அவர் முதலில் மறுத்தார். "பைத்தியமா உனக்கு? நீதான பெத்த?" என்றார்.

"வாக்குவாதம் பண்ணாதீங்க. ஒரு மணி நேரம்தான் இருக்கு, அதுல அஞ்சு நிமிஷம் போயிடுச்சு."

வெள்ளைச் சட்டையைக் கழற்றிவிட்டுக் குளித்து வந்தார். நான் என் துணிக்கு மாறி, அங்கியை அவருக்குக் கொடுத்துவிட்டு வெளியே போனேன். இப்போது சதுரத்துக்கு இந்தப் பக்கம் நான். அவரை நாற்காலியில் சாய வைத்து, குழாய்களோடு அவளைத் தூக்கி வந்து, அந்த அகலமான நெஞ்சில் குப்புறப் படுக்க வைத்து, மேலே துணியைப் போர்த்தினாள் தராசு. அவள் தலை அவர் கழுத்துக்குக் கீழே பதிந்தது. அவர் மூச்சு விடுகிறாரா என்றே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் காற்றிலேயே வைத்திருந்தார். தராசு அவர் கையைப் பிடித்து அவள் முதுகின் மேல் வைத்தாள். அவருடைய ஒரு கையே அவள் முழுவதையும் மூடிவிட்டது. எனக்குப் பால் கட்டி மார்பு வலித்தது. ரவிக்கை நனைந்தது. துடைக்கப் போகவில்லை. ஒரு நிமிடம் போனாலும் ஒரு நிமிடம் போய்விடும்.

ஒன்றேகாலுக்கு அவளைப் பெட்டியில் திரும்ப வைத்தார்கள். எடை இல்லாத ஆள் போல நடந்து வெளியே வந்தார். சட்டையை மாட்டியிருந்தார், பொத்தான் போடவில்லை. பிறகு முதல் பொத்தானைப் போடக் கையைத் தூக்கினார்.

"போடாதீங்க," என்றேன்.

தாழ்வாரத்தில் ஆட்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார்கள். எனக்கு அதைப் பற்றி ஒன்றும் இல்லை. சட்டையை விலக்கி, அவள் படுத்திருந்த இடத்தில் என் கன்னத்தை வைத்தேன். அங்கே மட்டும் தனியாக ஒரு சூடு இருந்தது. சிறியது, உள்ளங்கை அளவு. அவருடைய உடம்புச் சூடு எனக்குத் தெரியும், அது இல்லை. பாலும் மருந்தும் கலந்த ஒரு வாசனையும் இருந்தது. மூச்சை இழுத்து இழுத்து அதை உள்ளே வாங்கினேன். அது குறைந்துகொண்டே போனது. ஆறிப்போவதற்குள், ஆறிப்போவதற்குள் என்று இன்னும் அழுத்திக்கொண்டேன். அவர் கை என் தலை மேல் வந்தது. மெதுவாகத்தான் வைத்தார், சற்று முன் அவள் மேல் வைத்த மாதிரியே.

"மணி ஆகுது," என்றார்.

"ஆகட்டும். நகராதீங்க," என்றேன்.